காரின் ஏ.சி. கேஸ் எங்கே போகிறது?

"ஏ.சி. போட்டா வெறும் காத்துதான் வருது. கேஸ் தீர்ந்துபோச்சுபோல. அடிச்சு விட்டுடுங்க அண்ணே!"

கோடை தொடங்கியதும் கார் ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார் என்றால் கட்டாயம் விழும். மெக்கானிக் கேஸ் அடித்துக் கொடுப்பார். கார் ஜிலுஜிலு என்று ஆகிவிடும். அடுத்த கோடையில் அதே கார், அதே பேச்சு. சில கார்கள் அடுத்த மாதமே திரும்பி வந்து நிற்கும்.

நண்பர்களே, இங்கே நாம் ஒரு கேள்வி கேட்போம். கேஸ் எப்படித் தீரும்?

பெட்ரோல் தீரும். அது என்ஜினுக்குள் எரிந்து, புகைக்குழாய் வழியே வெளியே போய்விடுகிறது. டாங்கில் குறைந்தால் மறுபடி ஊற்றித்தான் ஆக வேண்டும். ஏ.சி. கேஸ் எரிவதில்லை. வேறு பொருளாக மாறுவதும் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். தொழிற்சாலையில் எத்தனை கிராம் அடைத்தார்களோ, அத்தனை கிராமும் உள்ளேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது தீரவில்லை, எங்கோ ஒரு ஓட்டை வழியாக வெளியேறிவிட்டது என்று பொருள்.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், கார் ஏ.சி.யைப் பழுதுபார்ப்பதில் முக்கால்வாசி புரிந்துவிடும். மீதியையும் பார்த்துவிடலாம், வாருங்கள்.

ஜில்லிப்பு எங்கிருந்து வருகிறது?

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் அக்கா உங்கள் கையில் ஸ்பிரிட் தடவுவார். தடவிய இடம் ஜில்லென்று இருக்கும். ஆனால் பாட்டிலில் இருந்த ஸ்பிரிட் ஜில்லென்று இல்லையே! அறையின் சூட்டில்தானே இருந்தது?

தோலில் பட்டதும் ஸ்பிரிட் ஆவியாகிறது. திரவம் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு பறந்துவிடுகிறது. வெப்பத்தை இழந்த தோல் குளிர்கிறது.

காரிலும் இதுவே நடக்கிறது. ஏ.சி. குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய் விடுகிறது. அந்த வெப்பத்தைச் சுமந்து செல்வதுதான் கேஸின் வேலை.

தோலில் தடவிய ஸ்பிரிட் பறந்தால் பறந்ததுதான். காரில் அப்படி விட முடியாது. ஆவியானதைப் பிடித்து, மறுபடி திரவமாக்கி, திரும்பவும் ஆவியாக்க வேண்டும். இதற்குக் கைகொடுப்பது அழுத்தம்.

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேட்டால் 100 டிகிரி செல்சியஸ் என்பீர்கள். அது கடற்கரையில் இருக்கும் சென்னைக்குச் சரி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் அதிகம். அங்கே கொதிக்க ஏறக்குறைய 120 டிகிரி வேண்டும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், குறைந்தால் குறையும்.

இப்போது ஓடும் பெரும்பாலான பழைய கார்களில் இருக்கும் கேஸின் பெயர் ஆர்-134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தத்தை மூன்று மடங்காக்கினால் 0 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும். சுமார் 17 மடங்காக்கினால் 60 டிகிரியில்தான் கொதிக்கும். அதாவது, இந்தக் கேஸ் எங்கே ஆவியாக வேண்டும், எங்கே திரவமாக வேண்டும் என்பதை அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து நாமே தீர்மானிக்கலாம்.

ஒரு சுற்று போய் வருவோம்

கேஸோடு சேர்ந்து நாமும் குழாய்களுக்குள் ஒரு சுற்று வருவோம். புறப்படும் இடம் கம்ப்ரசர். என்ஜினில் இருந்து வரும் பெல்ட் இதைச் சுழற்றுகிறது. ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் பானெட்டுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? அது கம்ப்ரசரின் முன்னால் இருக்கும் மின்காந்தக் கிளட்ச் ஒட்டிக்கொள்ளும் சத்தம். ஒட்டியவுடன் கம்ப்ரசர் சுழலத் தொடங்கும்.

இதற்கு என்ஜின்தான் சக்தி கொடுக்க வேண்டும். 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரான மாருதி 800 காரின் என்ஜின் 796 சிசி அளவுதான். மலைப்பாதையில் ஏறும்போது அந்தக் காரை ஓட்டுபவர்கள் ஏ.சி.யை அணைத்துவிடுவார்கள். கம்ப்ரசருக்குப் போகும் சக்தியும் சக்கரத்துக்குக் கிடைக்கட்டும் என்றுதான்.

தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்திய கார்களை முதலில் விற்ற நிறுவனம் அமெரிக்காவின் பேக்கார்டு. அது 1940-ம் ஆண்டு மாடல். அந்த ஏ.சி.யில் இந்தக் கிளட்ச் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் என்ஜினை அணைத்து, இறங்கிப் போய், பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

சரி, பயணத்தைத் தொடர்வோம். கம்ப்ரசர் ஆவியை நெருக்கி அழுத்துகிறது. ஆவி கொதிக்கக் கொதிக்கச் சூடாகிறது. அடுத்து கண்டென்சர். காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால், மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கியதாக இருக்கும்.

குளிர வைக்கும் கருவியில் கேஸை எதற்கு இப்படிச் சூடாக்க வேண்டும்? வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்குத்தான் தானாகப் பாயும். வெளியே அக்னி நட்சத்திர வெயில், 40 டிகிரி. அந்தக் காற்றிடம் வெப்பத்தைத் தள்ளிவிட வேண்டுமானால் கேஸ் அதைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். 60 டிகிரியில் இருந்தால், 40 டிகிரி வெயிலும் அதற்குக் குளிர்காற்றுதான்! அதனால் கண்டென்சரில் கேஸ் தன் வெப்பத்தை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகிறது.

திரவம் அடுத்ததாக டிரையர் என்ற சிறு குடுவைக்குள் போகிறது. அதில் இருக்கும் மணிகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வு. மிகச் சிறிய துவாரம் அது. அதன் வழியே பீய்ச்சி அடித்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது. அழுத்தம் விழுந்ததும் கொதிநிலையும் விழுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலுக்குள் 0 டிகிரியை ஒட்டிய குளிரில் திரவம் கொதிக்கிறது.

கொதிக்க வெப்பம் வேண்டுமே! ப்ளோயர் ஊதும் காற்றில் இருந்து அதை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ ஆர்-134ஏ இப்படி ஆவியாகும்போது சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். ஒரு லிட்டர் தண்ணீரை 48 டிகிரி கூடுதலாகச் சூடாக்க அந்த வெப்பம் போதும். வெப்பம் இழந்த காற்று ஜில்லென்று உங்கள் முகத்தில் வீசுகிறது. காற்றில் இருந்த ஈரம் காயிலில் படிந்து நீராகி, ஒரு சிறு குழாய் வழியே காருக்கு அடியில் சொட்டுகிறது. ஆவியான கேஸ் கம்ப்ரசருக்கே திரும்புகிறது. ஒரு சுற்று முடிந்தது. எங்கேயாவது ஒரு கிராம் செலவானதா? இல்லை.

கேஸ் மேல் பழி போடும் முன்

குளிரவில்லை என்றாலே கேஸ் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. நல்ல மெக்கானிக் முதலில் வேறு சிலவற்றைப் பார்ப்பார். கண்டென்சர் தகடுகளுக்கு இடையே சேறும் பூச்சியும் அடைத்திருக்கின்றனவா? அடைத்திருந்தால் வெப்பம் வெளியேறாது. அதன் விசிறி ஓடுகிறதா? பெல்ட் வழுக்குகிறதா? கிளட்சுக்கு மின்சாரம் வருகிறதா? காரின் உள்ளே இருக்கும் காற்று ஃபில்டரில் தூசி அப்பியிருக்கிறதா? இவற்றில் ஒன்று கெட்டிருந்தால் எத்தனை முறை கேஸ் அடித்தாலும் பயனில்லை.

பிறகு இரண்டு கேஜ்களை இணைப்பார். நீல நிறம் அழுத்தம் குறைந்த பக்கத்துக்கு, சிவப்பு நிறம் அழுத்தம் கூடிய பக்கத்துக்கு. ஏ.சி. ஓடும்போது இரண்டு முள்ளும் வழக்கத்தைவிடத் தாழ்ந்து இருந்தால் கேஸ் குறைவு. நீல முள் ஏறியும் சிவப்பு முள் இறங்கியும் இருந்தால் கம்ப்ரசருக்கு வலு போய்விட்டது. இரண்டுமே ஏறியிருந்தால் கண்டென்சரில் வெப்பம் வெளியேறவில்லை, அல்லது கேஸ் அளவுக்கு மீறி இருக்கிறது, அல்லது உள்ளே காற்று கலந்திருக்கிறது.

கம்ப்ரசர் 'டிக்... டிக்...' என்று சில நொடிகளுக்கு ஒருமுறை நின்று நின்று ஓடினால் அதுவும் கேஸ் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அழுத்தம் மிகவும் குறைந்தால் கம்ப்ரசரை நிறுத்திவிட ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. கம்ப்ரசர் தேயாமல் காக்கும் எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் எண்ணெய் திரும்பி வருவதும் குறையும். அப்படியே ஓட்டினால் கம்ப்ரசர் இறுகிப்போய் நின்றுவிடும். சின்ன ஓட்டையைக் கவனிக்காமல் விட்டால் பெரிய செலவு வருவது இப்படித்தான்.

ஓட்டையைத் தேடி

பழைய காரில் கசிவு எங்கெல்லாம் வரும்? குழாய்கள் சேரும் இடங்களில் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள் உண்டு. வருடக்கணக்கான சூட்டில் அவை இறுகி விரிசல் விடும். ரப்பர் ஹோஸ்கள் என்ஜின் அதிர்வில் உரசித் தேயும். சாலையில் தெறிக்கும் கல் கண்டென்சரைத் துளைக்கும். எப்போதும் ஈரமும் தூசியுமாக இருக்கும் கூலிங் காயில் அரித்துப்போகும். கம்ப்ரசரின் சுழலும் தண்டைச் சுற்றி ஒரு சீல் இருக்கிறது. மாதக்கணக்கில் ஏ.சி. போடாமல் வைத்திருந்தால் அந்த சீல் எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்து கசியும்.

கேஸ் கண்ணுக்குத் தெரியாது. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? கேஸோடு எண்ணெயும் வெளியே வரும் என்பதுதான் துப்பு. குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை, அதன் மேல் ஒட்டிய தூசி தெரிந்தால் அந்த இடத்தைச் சந்தேகப்பட வேண்டும். உலர்ந்த நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தோடு செலுத்தி, சந்தேகப்படும் இடங்களில் சோப்பு நுரையைத் தடவுவார்கள். குமிழி வந்தால் ஓட்டை அங்கேதான். எண்ணெயோடு ஒரு சாயத்தைக் கலந்து ஓடவிட்டு, புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பதும் உண்டு. கசிந்த இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். கேஸை முகர்ந்து 'பீப்' என்று சொல்லும் மின்னணுக் கருவியும் இருக்கிறது.

உண்மையைச் சொல்ல வேண்டும்: எவ்வளவு நல்ல காரிலும் ரப்பர் வழியாக மிக மிகக் கொஞ்சம் கேஸ் மெதுவாகக் கசியத்தான் செய்யும். பல வருடங்களுக்குப் பிறகு அளவு குறைந்தால் அது இயல்பு. ஆனால் வருடா வருடம் அடிக்க வேண்டியிருந்தால் நிச்சயம் ஓட்டை இருக்கிறது.

அறைச் சூட்டில் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பம்ப்

ஓட்டையை அடைத்தாயிற்று. உடனே கேஸ் அடிக்கலாமா? கூடாது. குழாயைத் திறந்தபோது காற்றும் ஈரமும் உள்ளே புகுந்திருக்கும்.

கண்டென்சரின் சூட்டில் காற்று திரவமாகாது. இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் ஏற்றும். ஈரம் இன்னும் பொல்லாதது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துவாரத்தில் அது பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். கேஸோடும் எண்ணெயோடும் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கி உலோகத்தையும் அரிக்கும்.

குழாய்களுக்குள் ஒட்டியிருக்கும் ஈரத்தை எப்படித் துடைப்பது? துடைக்க வேண்டாம், கொதிக்க வைத்தால் போதும்! உதகையில் பார்த்தோமே, அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று. அழுத்தத்தைச் சாதாரணக் காற்றழுத்தத்தில் 24-ல் ஒரு பங்காகக் குறைத்தால் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதிக்கும். வேக்கம் பம்ப் அதைவிடவும் குறைத்துவிடும். ஒளிந்திருக்கும் ஈரம் எல்லாம் ஆவியாகி பம்ப் வழியே வெளியேறும். இதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். ஐந்து நிமிடம் பம்ப் ஓட்டினால் காற்று போகும், ஈரம் போகாது.

வீட்டில் பெரியவர்களை உடன் வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். ஊசி இல்லாத புதிய பிளாஸ்டிக் சிரிஞ்சில் கால் பங்கு வெந்நீரை உறிஞ்சுங்கள். ஆவி பறக்கும் சூடு போதும், கொதிநீர் வேண்டாம். உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு நுனியை அடைத்துக்கொண்டு பின்தண்டை இழுங்கள். அடுப்பே இல்லாமல் தண்ணீர் குமிழிவிட்டுக் கொதிக்கும்.

பம்பை நிறுத்திய பிறகு மெக்கானிக் உடனே எழுந்து போகமாட்டார். கேஜ் முள்ளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். முள் அசையாமல் நின்றால் நல்லது. மெல்ல ஏறினால், இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது அல்லது ஈரம் பாக்கி இருக்கிறது. குழாயைத் திறந்து வேலை செய்தால் டிரையரையும் புதிதாக மாற்ற வேண்டும். பழைய டிரையர் காற்றில் இருந்த ஈரத்தைக் குடித்து நிரம்பிப்போயிருக்கும்.

தராசு எதற்கு?

இனி கேஸ் அடிக்கலாம். எவ்வளவு? பானெட்டின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து, எடை குறைவதைப் பார்த்துக்கொண்டே அத்தனை கிராமை மட்டும் உள்ளே விட வேண்டும்.

கேஜ்தான் இருக்கிறதே, அழுத்தத்தைப் பார்த்து அடித்தால் என்ன? வீட்டில் இருக்கும் சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். நிறைய இருந்தாலும் பாதி இருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசித் துளித் திரவமும் ஆவியான பிறகே அழுத்தம் விழும். அதனால்தான் சிலிண்டர் வாங்கும்போது எடை போட்டு வாங்குகிறோம். காரிலும் அதே கதை. வெளியே 30 டிகிரி இருக்கும்போது, நின்றுகொண்டிருக்கும் காரில் கேஜ் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் அதுதான், 200 கிராம் இருந்தாலும் அதுதான். அழுத்தம் வெப்பநிலையைச் சொல்லும், அளவைச் சொல்லாது.

ஓடுகிற கம்ப்ரசருக்குக் கேஸ் ஆவியாகத்தான் போக வேண்டும். அதனால் அழுத்தம் குறைந்த பக்கம் வழியாக, சிலிண்டரை நிமிர்த்தி வைத்து மெதுவாக ஏற்றுவார்கள். திரவமாகப் போனால் என்ன ஆகும்? ஆவியை நெருக்கலாம், திரவத்தை நெருக்க முடியாது. கம்ப்ரசரின் வால்வுகள் உடைந்துபோகும்.

'நாலு கிராம் சேர்த்தே அடிங்க, நல்லா குளிரட்டும்' என்று சொல்வதும் தவறு. கூடுதல் திரவம் கண்டென்சரில் தேங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும். கம்ப்ரசர் திணறும். குளிர்ச்சி கூடுவதற்குப் பதில் குறையும்.

பழைய கேஸ் செய்த காரியம்

1990-களின் தொடக்கம் வரை ஏ.சி. கார்களில் ஆர்-12 என்ற வேறொரு கேஸ் இருந்தது. அதற்கும் முன்னால் குளிரூட்டும் கருவிகளில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1928-ல் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய குழுவினரும் நச்சில்லாத, தீப்பிடிக்காத குளிரூட்டியாக ஆர்-12-ஐத் தேர்ந்தெடுத்து உருவாக்கினார்கள். 1930-ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நீங்கள் எந்தக் கேஸையும் அப்படிச் செய்யக் கூடாது!

பல ஆண்டுகள் எல்லோரும் மகிழ்ச்சியாகப் பயன்படுத்தினார்கள். நம் மேட்டூரிலும் இது தயாரானது. 1974-ல் மாரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு எச்சரிக்கை விடுத்தார்கள். கசியும் இந்த வாயு அழியாமல் மேலே மேலே போகிறது. அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் அணுவை விடுகிறது. அந்த ஒரே அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். புற ஊதாக் கதிரில் இருந்து நம்மைக் காப்பது ஓசோன் படலம் அல்லவா? 1985-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அண்டார்டிகாவின் மேலே வசந்த காலத்தில் ஓசோன் வெகுவாகக் குறைந்துபோவதை அளந்து சொன்னார்கள்.

1987 செப்டம்பர் 16 அன்று, ஓசோனைச் சிதைக்கும் இத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்த மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது. இந்தியா 1992-ல் சேர்ந்தது. பிறகு உலகத்தின் எல்லா நாடுகளும் சேர்ந்தன. ஆர்-12 தயாரிப்பு படிப்படியாக நின்றது. மொலினாவும் ரோலண்டும், பால் குருட்சன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1995-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். இப்போது ஓசோன் மெல்ல மீண்டு வருகிறது. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டும்போது அண்டார்டிகாவின் மேலும் பழைய நிலை திரும்பும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதர்கள் தவறை உணர்ந்து, ஒன்றுசேர்ந்து திருத்திக்கொண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஆர்-12 இருந்த காரில் ஆர்-134ஏ அடிக்கலாமா? அப்படியே அடிக்க முடியாது. ஆர்-12-க்கு ஏற்ற கனிம எண்ணெய் புதிய கேஸோடு கலக்காது. கலக்காத எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பி வராது. அதனால் எண்ணெய், டிரையர், ஓ-ரிங்குகள், கேஸ் ஏற்றும் வாய் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். இரண்டு கேஸையும் கலக்கவே கூடாது. மலிவு என்று சமையல் கேஸை அடிப்பதும் ஆபத்து. அது தீப்பிடிக்கும். கூலிங் காயில் கசிந்தால் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வந்துவிடும்.

கசியவிட்டால் எவ்வளவு கேடு?

ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்கும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலையைச் செய்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு காரின் அரைக் கிலோ கேஸ் காற்றில் கலந்தால், 700 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும். 700-ஐ 2.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் அது 4,500 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் இருந்து ஸ்ரீநகருக்குச் சாலை வழியாகப் போவதைவிடவும் அதிக தூரம்!

ஓட்டையை அடைக்காமல் வருடா வருடம் கேஸ் அடித்தால், வருடா வருடம் அத்தனையும் வானத்துக்குத்தான் போகிறது. வேலை தொடங்கும் முன் குழாயைத் திறந்து 'புஸ்' என்று கேஸை வெளியே விடுவதும் அதே கேடுதான். அதை உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்த்து, சுத்தம் செய்து, மறுபடி பயன்படுத்த இயந்திரங்கள் இருக்கின்றன. நல்ல ஒர்க்‌ஷாப்களில் அவற்றைப் பார்க்கலாம்.

2016-ல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் உலக நாடுகள் கூடி, ஆர்-134ஏ போன்ற வாயுக்களையும் குறைத்துக்கொண்டே வர ஒப்புக்கொண்டன. பல நாடுகளின் புதிய கார்களில் பூமியை மிகக் குறைவாகவே சூடாக்கும் ஆர்-1234ஒய்எஃப் வந்துவிட்டது. சில கார்களில் கார்பன் டை ஆக்சைடே குளிரூட்டியாக ஓடுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

இந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும். பீய்ச்சும் கேஸ் தோலில் பட்டால் உறையவைத்துவிடும், கண்ணில் பட்டால் பார்வை போகும். மெக்கானிக் அண்ணன் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்வது அதற்காகத்தான். நீங்கள் தள்ளி நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள். வீட்டில் இவற்றையும் சொல்லுங்கள்:

மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை சில நிமிடம் ஏ.சி.யை ஓடவிட வேண்டும். எண்ணெய் சுற்றினால் சீல் காயாது.

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி வெப்பக் காற்றை வெளியேற்றிவிட்டு ஏ.சி. போட்டால் கம்ப்ரசருக்குச் சுமை குறையும்.

கார் கழுவும்போது கண்டென்சர் தகடுகள் மடங்காதபடி மெதுவாகத் தண்ணீர் அடித்துச் சேற்றை எடுக்க வேண்டும்.

கேஸ் குறைந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னால், 'எங்கே கசிகிறது என்று பார்த்தீர்களா? எத்தனை கிராம் அடித்தீர்கள்?' என்று கேட்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள்

ஒரு காரில் சரியான அளவு கேஸ் அடித்தார்கள். ஏ.சி. ஓடாத நேரத்தில் கேஜை வைத்து அழுத்தத்தைக் குறித்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து, அதே வெப்பநிலை இருந்த ஒரு நாளில் மறுபடி பார்த்தார்கள். முள் அதே இடத்தில் நின்றது. "பார்த்தீர்களா, ஒரு கிராம்கூடக் கசியவில்லை!" என்றார் ஒருவர். அவர் சொன்னது சரியா? சரியில்லை என்றால், கசிந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விடைக்கு வேண்டிய எல்லாம் இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. கண்டுபிடித்ததும் வீட்டில் கார் ஓட்டும் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.